இதயம் தயார், எலும்பு தயாரா?

1982ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள். ஹவாய்த் தீவின் மேற்குக் கரையிலுள்ள கைலுவா-கோனா என்னும் சிற்றூர். கடலில் 3.8 கி.மீ. நீந்தி, பிறகு 180 கி.மீ. சைக்கிள் மிதித்து, அதற்கும் பிறகு 42 கி.மீ. ஓடி முடிக்கவேண்டிய ‘இரும்பு மனிதர்’ போட்டி அங்கே நடந்துகொண்டிருந்தது. பெண்களில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர் ஜூலி மாஸ் என்ற 23 வயதுக் கல்லூரி மாணவி. உடற்பயிற்சியின் உடலியல் பற்றி அவர் ஓர் ஆய்வேடு எழுதவேண்டியிருந்தது. அதற்காகவே போட்டியில் சேர்ந்திருந்தார். முடிவுக் கோடு கண்ணெதிரே தெரிந்தபோது அவருடைய கால்கள் மடங்கின. விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். பின்னால் வந்த கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து சென்று வெற்றி பெற்றார். மாஸ் கைகளை ஊன்றித் தவழ்ந்தே சென்று கோட்டைத் தொட்டார். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 29 விநாடிகள்தாம்! தொலைக்காட்சியில் இக்காட்சியைக் கண்ட பலர், அதன் பிறகே இப்படியொரு விளையாட்டு இருப்பதை அறிந்தனர்.

நீச்சலிலும் சைக்கிளிலும் தாக்குப்பிடித்த உடல், ஓட்டத்தின் இறுதியில் கைவிடுவது ஏன்? இந்தக் கேள்வி ஹவாய்க்கு மட்டும் உரியதன்று. டிரையத்லான் என்னும் முப்போட்டிக்காகப் பழகும் இளைஞர்கள் பலர், ‘இவ்வளவு நீந்துகிறோம், இவ்வளவு மிதிக்கிறோம், ஒரு மாரத்தான் ஓடிவிட முடியாதா?’ என்று நினைக்கிறார்கள். முடியும். ஆனால் அதில் ஒரு கணக்குப் பிழை மறைந்திருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகிறோம்.

மூன்று பந்தயங்கள் ஒன்றான கதை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இணைத்த போட்டி 1974ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் மிஷன் விரிகுடாவில் நடந்தது. அது சிறிய போட்டி. ஹவாயில் பணியாற்றிய ஜான் காலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி அதைப் பெரிதாக்கினார். உடல் வலிமையில் சிறந்தவர் ஓட்டக்காரரா, நீச்சல்காரரா, சைக்கிள்காரரா என்று விளையாட்டு நண்பர்களிடையே ஒரு வாக்குவாதம் எழுந்தது. அதைத் தீர்க்க, ஓவாஹு தீவில் ஏற்கெனவே நடந்துவந்த மூன்று பந்தயங்களை ஒரே நாளில் அடுத்தடுத்து வைத்துவிடலாம் என்றார் அவர். 1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் 15 பேர் கடலில் இறங்கினர். 12 பேர் முடித்தனர். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முதலிடம் பெற்றார்.

எல்லாப் போட்டிகளும் இவ்வளவு நீளமானவை அல்ல. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது நீச்சல் 1.5 கி.மீ., சைக்கிள் 40 கி.மீ., ஓட்டம் 10 கி.மீ. என்றே வரையறுத்தனர். பலர் பழகுவது இந்த அளவுக்குத்தான். 10 கி.மீ. ஓடிப் பழகியவர் 42.195 கி.மீ. ஓடத் துணியும்போது தூரம் நான்கு மடங்காகிறது. சிரமமும் நான்கு மடங்குதானா? பார்ப்போம்.

இதயத்துக்குப் பேதம் தெரியாது

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுவோம். ஓய்வாக இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. பயிற்சியில்லாத இளைஞர் முழு மூச்சுடன் ஓடினால் அது 20 லிட்டராக உயரும். நீண்டகாலம் பயிற்சி பெற்றவருக்கு 30 லிட்டரையும் தாண்டக்கூடும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம், அவருடைய இதயம் வேகமாகத் துடிப்பதன்று. ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தைத் தள்ளுவதே ஆகும்.

இரத்தத்தைக் கேட்பது சைக்கிள் மிதிக்கும் காலா, நீரைத் தள்ளும் கையா, ஓடும் காலா என்பது இதயத்துக்குத் தெரியாது. கேட்டவர்க்குக் கொடுப்பதே அதன் வேலை. ஆகவே சைக்கிளில் பெற்ற இதய வலிமை ஓட்டத்துக்கும் பெருமளவு உதவும். இரத்தத்தின் நீர்ப்பகுதி பயிற்சி தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே பெருகிவிடுகிறது. இதயமும் விரைவாகவே கற்றுக்கொள்ளும் மாணவன்தான்.

தசைகளின் செய்தி சற்று வேறு. ஆக்சிஜனைப் பயன்படுத்தி எரிபொருளை எரிக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளும், தசைக்கு இரத்தம் கொண்டுவரும் மயிரிழைக் குழாய்களும், வேலை செய்த தசையில் மட்டுமே பெருகுகின்றன. தோள் தசை நீந்திப் பெற்ற பயன் தோளிலேயே தங்கிவிடும். கெண்டைக்காலுக்கு வந்து சேராது.

தரை திருப்பித் தரும் அடி

இனி மூன்று விளையாட்டுகளையும் இயற்பியல் கண்ணால் பார்ப்போம்.

நீரின் அடர்த்தி காற்றின் அடர்த்தியைப் போல் ஏறக்குறைய 800 மடங்கு. நீந்துபவரின் எடையை மிதப்பு விசை தாங்கிக்கொள்கிறது. அவருடைய ஆற்றல் முழுவதும் நீரின் தடையைப் பிளந்து முன்னேறுவதிலேயே செலவாகிறது.

சைக்கிளில் எடையை இருக்கை தாங்குகிறது. சமதளத்தில் விரைந்து செல்லும்போது பெரும் எதிரி காற்றின் தடைதான். இத்தடை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடியாக உயர்கிறது. மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து 30 கி.மீ. வேகத்துக்குச் சென்றால், வேகம் ஒன்றரை மடங்கு. காற்றை வெல்லும் திறன் 3.4 மடங்கு! இவ்வளவு உழைத்தாலும் எலும்பின் மேல் மோதல் ஏதும் விழுவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஓட்டத்தில் நம்மைத் தாங்க நீரும் இல்லை, இருக்கையும் இல்லை. ஒவ்வோர் எட்டிலும் இரண்டு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு எழும்புகின்றன. பிறகு முழு உடலும் ஒற்றைக் காலின் மேல் வந்து விழுகிறது. அக்கணத்தில் தரை அக்காலின் மேல் செலுத்தும் எதிர்விசை உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவரின் காலில் 120 முதல் 180 கிலோ வரையிலான பாரம் விழுகிறது என்று பொருள். ஓர் எட்டுக்கு ஒரு மீட்டர் என வைத்துக்கொண்டால், மாரத்தானில் 42,000 எட்டுகள். ஒவ்வொரு காலுக்கும் 21,000 முறை இந்த அடி!

அடியைத் தாங்குவதில் இன்னொரு நுட்பமும் உண்டு. சைக்கிள் மிதிக்கும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. ஓடும்போதோ, கால் தரையில் பட்டதும் முழங்கால் சற்று மடங்குகிறது. அப்போது அதே தசை, நீண்டுகொண்டே உடலின் வீழ்ச்சியைத் தடுக்கவேண்டும். மூட்டையைத் தூக்குவதற்கும், அதைக் கீழே போட்டுவிடாமல் மெல்ல இறக்கி வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. இப்படி நீளும்போது வேலை செய்யும் தசை இழைகளில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. மலைச் சரிவில் இறங்கிய மறுநாள் தொடை வலிப்பதும் இதனால்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சைக்கிள் மிதித்த தொடையும் இந்தப் பாடத்தைக் கற்றிராது. ஆனால் சிறிது சிறிதாகப் பழக்கினால், அடுத்த முறை அதே வேலையைக் குறைந்த சிதைவுடன் செய்யத் தசை கற்றுக்கொள்கிறது.

கலோரிக் கணக்கின் பொறி

ஒரு கிலோமீட்டர் நீந்தச் செலவாகும் ஆற்றல், ஏறக்குறைய 4 கி.மீ. ஓடுவதற்குச் சமம், அதுவே 12 முதல் 16 கி.மீ. சைக்கிள் மிதிப்பதற்கும் சமம். இது பயிற்சியாளர்கள் கையாளும் ஒரு பொதுவான மதிப்பீடு. இதை வைத்து, ‘வாரம் 150 கி.மீ. மிதிக்கிறேன், 4 கி.மீ. நீந்துகிறேன், ஆகவே 50 கி.மீ.க்கு மேல் ஓடியதற்குச் சமம்’ என்று கணக்கிடுபவர்கள் உண்டு. இதயத்தின் பேரேட்டில் இது சரியான கணக்கு. எலும்பின் பேரேட்டிலோ அவர் ஓடியது பூச்சியம்!

எலும்பு கல்லைப்போல் மாறாத பொருளன்று. சில செல்கள் பழைய எலும்பை அரித்து நீக்கிக்கொண்டே இருக்கின்றன. வேறு சில செல்கள் புதிதாகக் கட்டுகின்றன. ஓரிடத்தில் அரித்து மீண்டும் கட்டி முடிக்க மூன்று, நான்கு மாதங்கள் ஆகும். புதிய பாரம் விழத் தொடங்கியதும் முதலில் நடப்பது அரிப்பு. கட்டுமானம் பின்னரே நிகழ்கிறது. பழுதுபார்க்கும் பாலத்தைப் போல, இடைக்காலத்தில் எலும்பு சற்று வலுவிழந்தே இருக்கும். அந்த நேரத்தில் தூரத்தைத் திடீரெனக் கூட்டினால் தாடை எலும்பிலோ அன்று, கால் தண்டெலும்பிலோ பாதத்திலோ மயிரிழை போன்ற கீறல் விழும். தசையை எலும்புடன் இணைக்கும் தசைநாண்களும் மெதுவாகவே வலுப்பெறுகின்றன. அவற்றுக்கு இரத்த ஓட்டம் குறைவு.

புதிதாக ஓட வருபவருக்கு இதில் இயற்கையான ஒரு பாதுகாப்பு உண்டு. அவருக்கு முதலில் மூச்சு வாங்கும், 3 கி.மீ.யில் நின்றுவிடுவார். எலும்பு தப்பிக்கும். டிரையத்லான் பழகுபவருக்கு இந்தத் தடுப்பு இல்லை. முதல் வாரத்திலேயே 20 கி.மீ. ஓட இதயம் அனுமதி கொடுத்துவிடும். அனுமதி கொடுக்க வேண்டிய எலும்பை யாரும் கேட்பதில்லை. அது வாய் திறந்து சொல்வதற்குள் ஆறு வாரங்கள் கடந்திருக்கும்! நம்முடைய பயிற்சியின் வேகத்தை இதயம் தீர்மானிக்கக் கூடாது, மெதுவாகக் கற்கும் எலும்பே தீர்மானிக்கவேண்டும் என்பதே இதிலிருந்து கிடைக்கும் விதி.

முப்பதாவது கிலோமீட்டரில் ஒரு சுவர்

அடுத்தது எரிபொருள். சமதளத்தில் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ கலோரி செலவாகிறது. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் இது அதிகம் மாறுவதில்லை. 60 கிலோ எடையுள்ளவர் மாரத்தானை முடிக்க 60 × 42.2, அதாவது சுமார் 2,530 கிலோ கலோரி வேண்டும்.

கையிருப்பு என்ன? கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து ஏறக்குறைய 500 கிராம் உள்ளது. கிராமுக்கு 4 வீதம் 2,000 கிலோ கலோரி. அதிலும் கைத் தசையிலுள்ள கிளைக்கோஜன் கால் தசைக்குக் கடனாகக் கிடைக்காது. உடலிலுள்ள கொழுப்பிலோ 60,000 கிலோ கலோரிக்கு மேல் உறங்குகிறது. ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும் விறகு. அதை மட்டும் நம்பினால் வேகம் பாதியாகக் குறையும். 30 அல்லது 35ஆவது கி.மீ.யில் பலருடைய கால்கள் ஈயம்போல் கனப்பதன் காரணம் இதுவே. ஓட்டக்காரர்கள் இதைச் ‘சுவரில் மோதுதல்’ என்பார்கள்.

இங்கே சைக்கிள் பயிற்சி கைகொடுக்கிறது. மூன்று, நான்கு மணி நேரம் நிதானமாக மிதிப்பது, எலும்பை வருத்தாமலே கொழுப்பை எரிக்கும் திறனைத் தொடைத் தசையில் வளர்க்கிறது. போட்டியின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை சர்க்கரைச் சத்து உட்கொள்ளலாம். மணிக்கு 40 கிராம் வீதம் 4 மணி நேரத்தில் 160 கிராம், அதாவது 640 கிலோ கலோரி. மேலே கண்ட பற்றாக்குறையை இது ஈடுசெய்துவிடும். ஆனால் சைக்கிளில் அமர்ந்து தின்று பழகிய வயிறு, ஓடும்போது குலுங்கும். ஆகவே போட்டியில் எதைச் சாப்பிடப்போகிறோமோ, அதை நீண்ட ஓட்டங்களில் முன்கூட்டியே சாப்பிட்டுப் பழகவேண்டும். வாழைப்பழமானாலும் சர்க்கரைக் கரைசலானாலும் விதி ஒன்றே.

உடல் என்னும் கொதிகலன்

தசையின் பயனுறுதிறன் 20 முதல் 25 சதவீதம்தான். ஆகவே 2,530 கிலோ கலோரியில் சுமார் 2,000 வெப்பமாகவே வெளிப்படுகிறது. நம் உடலின் தன்வெப்பம் ஏறக்குறைய 0.83. 60 கிலோ உடலை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்ற 50 கிலோ கலோரி போதும். வெப்பம் வெளியேறவே இல்லையென்றால் உடல் வெப்பநிலை 40 டிகிரி உயர்ந்துவிடும்! நம்மைக் காப்பது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. 2,000 கிலோ கலோரியை நீக்க மூன்றரை லிட்டர் வியர்வை ஆவியாகவேண்டும். தரையில் சொட்டிய வியர்வை கணக்கில் சேராது. காற்றில் ஈரம் மிகுந்த சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் பாதி சொட்டியே வீணாகும்.

நீந்துபவரை நீர் குளிர்விக்கிறது. சைக்கிளில் செல்பவருக்கு மணிக்கு 30 கி.மீ. எதிர்க்காற்று விசிறுகிறது. ஓடுபவருக்கோ மணிக்கு 10 கி.மீ. காற்றுத்தான். எனவே வெப்பத்தைப் பொறுத்தவரை மூன்றில் கடினமானது ஓட்டமே. அதிகாலையில் ஓடுவதும், வெயிலுக்கு உடலைப் பத்துப் பதினான்கு நாள்களில் மெல்லப் பழக்குவதும் அவசியம்.

அதற்காகத் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தை ஆராய்ந்தபோது, 13 சதவீதத்தினரிடம் சோடியம் இயல்பான அளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களிடமே, அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்களிடமே, இக்குறை மிகுதியாகக் காணப்பட்டது. இது முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்த எடையும் இடையில் குடித்த நீரும் சேர்ந்ததே உங்கள் வியர்வையின் அளவு. தாகத்துக்கேற்பக் குடியுங்கள், அந்த அளவை மீறாதீர்கள்.

இருபது வாரத் திட்டம்

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு ஒரு திட்டம் வகுப்போம். வாரம் மூன்று முறை ஓடி, ஒரே மூச்சில் 10 கி.மீ. ஓடக்கூடியவருக்கு இருபது வாரங்கள் வேண்டும்.

ஞாயிறு நீண்ட ஓட்டம். திங்கள் நீச்சல் மட்டும். கால்களுக்கு அது மருந்து. செவ்வாய் 8 கி.மீ. எளிய ஓட்டம். புதன் ஒரு மணி நேரம் சைக்கிள். வியாழன் 8 முதல் 12 கி.மீ. ஓட்டம், அதில் நடுப்பகுதியைப் போட்டியில் ஓட நினைக்கும் வேகத்தில் ஓடலாம். வெள்ளி முழு ஓய்வு. சனி நிதானமாக இரண்டு மணி நேரம் சைக்கிள். விரும்பினால் இறங்கியதும் பத்து நிமிட ஓட்டம். சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால்கள் மரக்கட்டைபோல் இருப்பதற்கு இது நல்ல பழக்கம்.

நீண்ட ஓட்டத்தை இப்படி வளர்க்கலாம்: முதல் நான்கு வாரங்களில் 12, 14, 16, 12 கி.மீ.; அடுத்து 16, 18, 20, 14; அடுத்து 20, 22, 24, 16; அடுத்து 24, 26, 28, 20. பதினேழாம் வாரம் 30 கி.மீ.; பிறகு 20; பிறகு 12; இருபதாம் வாரம் போட்டி. ஒவ்வொரு நான்காவது வாரமும் தூரம் குறைவதைக் காண்கிறீர்கள். அது சோம்பலுக்கு அன்று; எலும்பின் கட்டுமானப் பணிக்கு விடும் அவகாசம். நீண்ட ஓட்டத்தில் பக்கத்தில் வருபவருடன் தடையின்றிப் பேச முடியவேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் அதிகம்.

கூடுதலாக உழைக்க ஆசைப்படுபவர்கள் அந்த ஆசையைச் சைக்கிளிலும் நீச்சலிலும் தீர்த்துக்கொள்ளலாம், ஓட்டத்தில் வேண்டாம். டிரையத்லான் பழகுபவருக்கு மட்டும் கிடைத்துள்ள வசதி இது.

வலியைப் பிரித்தறியவும் கற்கவேண்டும். தசை முழுவதும் பரவி, இரண்டு மூன்று நாளில் மறையும் வலி பயிற்சியின் கூலி. எலும்பின் மேல் ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் சுரீரென்று வலித்து, நாளுக்கு நாள் கூடுமானால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டவேண்டும். மார்பு வலி, மயக்கம், படபடப்பு இருந்தாலும், குடும்பத்தில் இளவயதில் இதயநோய் கண்டிருந்தாலும், பயிற்சி தொடங்கும் முன்பே பரிசோதனை செய்துகொள்வது அறிவுடைமை.

போட்டியன்று முதல் பாதியைச் சற்று மெதுவாகவே ஓடுங்கள். முடித்தபின் சில நாள் கழித்து ‘உடம்பு சரியாகிவிட்டது’ என்று இதயம் சொல்லும்; நம்பிவிடாதீர்கள். தசை இழைகள் முழுமையாகச் சீரடைய இரண்டு, மூன்று வாரங்கள் ஆகலாம். வலி அடங்கியதும் முதலில் நீரில் இறங்குங்கள். அடுத்த வாரம் சைக்கிளை எடுங்கள். ஓட்டக் காலணியைக் கடைசியாக மாட்டுங்கள். போட்டியில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் என்று வரிசைப்படுத்தினார்களே, காயம்பட்ட உடலைத் தேற்றுவதற்கும் அதுவே சரியான வரிசை.